கரண்ட் மேல பழி போடாதீங்க மக்களே!

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. "என்னய்யா, கடையை மூடிட்டியா?"ன்னு நாலு பேர் மெயில் போட்டுக் கேட்டுட்டாங்க. (சரி சரி, ரெண்டு பேர்தான்.) மூடலை. மூணு மாசமா நம்ம வீட்டுல ஒரு துப்பறியும் கதை ஓடிக்கிட்டு இருந்துச்சு. குற்றவாளி போன வாரம்தான் பிடிபட்டான். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல கதாநாயகனை அறிமுகப்படுத்திடுறேன். பேரு நாஸ். ரெண்டு ஹார்ட் டிஸ்க்கை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு, ரூட்டர்ல ஒரு வயரை மாட்டிக்கிட்டு, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி உக்காந்திருக்கிற சின்னப் பொட்டி. வீட்டுல இருக்கிற செல்போன், லேப்டாப், டிவி எல்லாம் அதுக்குள்ள போட்டோ போடலாம், எடுக்கலாம், படம் பார்க்கலாம். ஒரு டிஸ்க்குல எழுதுறதை அப்படியே அடுத்ததுலயும் எழுதி வைக்கும். ஒண்ணு மண்டையைப் போட்டாலும் இன்னொண்ணு காப்பாத்தும். 2019-ல வாங்கினது.

"இந்தக் காலத்துல எவன்யா வீட்டுல பொட்டி வச்சுக்கிறான், எல்லாம் கூகிள்ல கிடக்குமே"ன்னு கேக்குறவங்களுக்கு: நாம எல்லாம் அடிபட்ட ஆளுங்க சாமி. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர்ல மூடினான். ஆர்க்குட் 2014 செப்டம்பர்ல மூடினான். கூகிள் பிளஸ் 2019 ஏப்ரல்ல மூடினான். ஒவ்வொரு தடவையும் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கிட்டு ஓடினவன் நான். அதனால என் பழைய பதிவுகள், தம்பி குவைத்லேருந்து அனுப்புற புள்ளைங்க போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் இந்தப் பொட்டியிலதான் இருக்கு.

இன்னொண்ணும் இருக்கு. எங்கப்பா பேசுற ஒரு வீடியோ. பதினோரு நிமிஷம். 2015-ல, தொண்டிக் கடற்கரையில உக்காந்து, 1964 டிசம்பர் புயல் ராத்திரியைப் பத்தி பேரனுக்குச் சொல்றார். தனுஷ்கோடியை கடல் கொண்டுபோன அந்தப் புயல்தான். அப்ப அவருக்குப் பத்து வயசு. வீடியோ எடுத்த அடுத்த வருஷம் அப்பா போயிட்டார். அவர் குரல் எங்களுக்கு மிஞ்சினது இந்தப் பதினோரு நிமிஷம்தான். அம்மா வாரத்துல ரெண்டு நாளாவது சாயங்காலம் டிவியில போட்டுப் பாப்பாங்க.

இப்ப பிரச்சினைக்கு வர்றேன்.

பொட்டி திடீர் திடீர்னு செத்துப்போக ஆரம்பிச்சுது. லைட் எல்லாம் பொசுக்குன்னு அணையும். கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா எந்திரிச்சு, "நான் முறையாக அணைக்கப்படவில்லை"ன்னு ஒரு புகார் மெயில் அனுப்பும். ஆமாண்டா, நான்தான் உன் கழுத்தை நெரிச்சேனாக்கும்!

நம்ம பக்கத்துல எது நின்னாலும் முதல் குற்றவாளி கரண்ட்தானே. 2012-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சென்னையைத் தாண்டினா ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்லாம கிடந்த காலம். ஊரே இன்வெர்ட்டர் வாங்கினது அப்பத்தான். அந்தக் கோபம் இன்னும் நமக்குள்ள இருக்கு. நானும் தெருவுல போற லைன்மேன் அண்ணனை நிறுத்தி, "என்னண்ணே இப்படிப் பண்றீங்க, பொட்டி பாழாப் போகுது"ன்னு சத்தம் போட்டேன். அவர் நிதானமாக் கேட்டார்: "இன்னைக்குக் காலையிலேருந்து கரண்டே போகலையே தம்பி... எப்பப் போச்சுன்னு சொல்றீங்க?"

ஙே!

அங்கதான் எனக்குப் புத்தி வந்துச்சு. நான் ஒரு தடவைகூட நேரத்தைக் குறிச்சு வைக்கலை. வெறும் கோபத்தை மட்டும் சேர்த்து வச்சிருக்கேன். அன்னைக்கே ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி டிவி பக்கத்துல வச்சேன். பொட்டி அணைஞ்ச நேரம், அப்ப ஃபேன் ஓடுச்சா, ரூட்டர் எரிஞ்சுதா, அப்ப யார் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க... நாலே விஷயம். அஞ்சு வாரத்துல 23 தடவை. அதுல 14 தடவை தெருவுல கரண்ட் போயிருந்துச்சு. மிச்சம் 9 தடவை கரண்ட் ஜம்முன்னு இருந்துச்சு! ஆக ஒரு திருடன் இல்லை, ரெண்டு திருடன்.

முதல் திருடன்

கரண்ட் போனா பொட்டி ஏன் அணையணும்? அதுக்குத்தானே யூ.பி.எஸ். வாங்கி மாட்டியிருக்கேன்? பொட்டியை முறையா அணைச்சுட்டு, யூ.பி.எஸ்.ல ஒரு டேபிள் லைட்டை மாட்டி, சுவத்து சுவிட்சைத் தட்டினேன். லைட் அதே நொடியில அணைஞ்சுது. பேட்டரி செத்து எத்தனை வருஷமாச்சோ! உள்ள இருக்கிறது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் சீல்டு பேட்டரி. நம்ம ஊர் வெக்கையில ரெண்டு மூணு வருஷம்தான் உருப்படியா உழைக்கும். நான் வாங்கினது 2019-ல. அதுக்கப்புறம் ஒரு நாளாவது சோதிச்சேனா? இல்லை. பச்சை லைட் எரியுது, அது போதும்னு இருந்துட்டேன்.

இரண்டாவது திருடன்

அந்த 9 தடவையையும் வரிசையா எழுதிப் பார்த்தேன். எல்லாமே சாயங்காலம். "அப்ப யார் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க" பத்தியில பெரும்பாலும் ஒரே பதில்தான். "அம்மா, டிவி."

அம்மா முகம் வாடிப்போச்சு. "நான் தொட்டாலே கெட்டுப்போகுதுடா, இனிமே நான் பாக்கலை"ன்னுட்டாங்க. நிஜமாவே ரெண்டு வாரம் ரிமோட்டைத் தொடலை. மக்களே, அந்த ரெண்டு வாரம்தான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

காரணம் இதுதான். இருபது நிமிஷம் யாரும் தொடலைன்னா டிஸ்க் ரெண்டும் சுத்துறதை நிறுத்திட்டுத் தூங்கப் போயிடும். யாராவது படத்தைத் தட்டினதும் எந்திரிக்கணும். நின்ன தட்டை மறுபடி வேகமெடுக்க வைக்கத்தான் டிஸ்க்குக்குக் கரண்ட் அதிகமா வேணும். 3.5 இன்ச் டிஸ்க் ஒண்ணு அந்த சில நொடிக்கு 12 வோல்ட்ல ஏறக்குறைய 2 ஆம்பியர் வரை இழுக்கும். சும்மா சுத்துறப்ப அதுல கால்வாசிகூட வேண்டாம். எங்க வீட்டுப் பொட்டி ஆன் ஆகுறப்ப டிஸ்க்கை ஒண்ணொண்ணா எழுப்புது, ஆனா தூக்கத்துலேருந்து எழுப்புறப்ப ரெண்டையும் சேர்த்தே உசுப்பிவிடுது. அடாப்டர் 12 வோல்ட், 5 ஆம்பியர். புதுசா இருந்தப்ப தாங்குச்சு. இப்பத் தாங்கலை.

அடாப்டரை மல்டிமீட்டர்ல வச்சுப் பார்த்தா 12.2 வோல்ட் காட்டுது. "குத்தமே இல்லை"ன்னு தூக்கி வச்சுட்டேன். இங்க நான் பத்து நாள் ஏமாந்தேன். லோடு இல்லாம அளந்தா எந்த அடாப்டரும் யோக்கியன்தான்! ராமநாதபுரத்துல ரிப்பேர் கடை வச்சிருக்கிற ஒரு பையன்தான் வழி காட்டினான். "அண்ணே, கார் இண்டிகேட்டர் பல்பு 21 வாட் ரெண்டு மாட்டிப் பாப்போம்ணே." ஒரு பல்பு மாட்டினான், 11.3. ரெண்டாவதையும் மாட்டினான், 9.6! புது அடாப்டர்ல அதே ரெண்டு பல்புக்கு 11.9 நின்னுச்சு. முடிஞ்சுது கதை.

ஏன் இப்படி ஆச்சு? உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் வெக்கையில காஞ்சு போகும். சூடு 10 டிகிரி கூடினா அதோட ஆயுசு பாதியாகும்னு எலக்ட்ரானிக்ஸ்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. நான் அடாப்டரை காத்துப் புகாத டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி சொருகி வச்சிருந்தேன். போதாததுக்கு எங்க ஊர் உப்புக்காத்து. பொட்டியில சொருகுற பின்னைக் கழட்டிப் பார்த்தா பச்சையாக் களிம்பு. (கடலோரம் இருக்கிறவங்க இன்னைக்கே ஒரு தடவை கழட்டிப் பாருங்க.)

உங்க வீட்டுப் பொட்டி அணைஞ்சா

நான் மூணு மாசத்துல கத்துக்கிட்டதை நீங்க மூணு நாள்ல முடிக்கலாம். வரிசை முக்கியம்.

1. செத்தது பொட்டியா, ரூட்டரான்னு பாருங்க. பொட்டியில லைட் எரிஞ்சா அது உயிரோட இருக்கு. கரண்ட் வந்து போனப்புறம் ரூட்டர் அதுக்கு வேற முகவரி கொடுத்திருக்கலாம். ரூட்டர்ல போய் அந்தப் பொட்டிக்கு நிரந்தரமா ஒரே முகவரி ஒதுக்கிடுங்க.

2. நோட்டு போடுங்க. சிரிக்காதீங்க. என்னைக் காப்பாத்தினது மல்டிமீட்டர் இல்லை, அந்த நோட்டுதான்.

3. டிஸ்க்கோட ஸ்மார்ட் கணக்கைப் பாருங்க. அதுல 12-ம் நம்பர், டிஸ்க் எத்தனை தடவை ஆன் ஆச்சுங்கிற கணக்கு. 192-ம் நம்பர், பெரும்பாலான டிஸ்க்குல, எத்தனை தடவை திடீர்னு கரண்ட் பறிபோய் அவசரமா தலையை ஒதுக்கிக்கிச்சுங்கிற கணக்கு. இந்த 192 ஏறிக்கிட்டே இருந்தா, பொட்டி தானா விரும்பி அணையலை, யாரோ கழுத்தை நெரிக்கிறாங்க. (கரண்ட் போன அந்த நொடியில, சுத்திக்கிட்டு இருக்கிற தட்டோட வேகத்துலேருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்துத் தலையைப் பத்திரமா ஒதுக்கும். சாகுறப்பவும் உங்க படத்துமேல கீறல் விழாம சாகுது, பாவம்.)

4. அதே வோல்ட், அதே ஆம்பியர், பின்னோட உள்பக்கம் வெளிப்பக்கம் பிளஸ் மைனஸ் எல்லாம் பொருந்துற நல்ல அடாப்டர் ஒண்ணை மாட்டிப் பாருங்க. ஆம்பியர் கூட இருந்தா பரவாயில்லை. வோல்ட் மாறக்கூடாது.

5. தூசி. ஃபேன் அடைச்சு சூடு ஏறினாலும் பொட்டி தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுக்கும். ஆனா அப்ப வழக்கமா "சூடு தாங்கலை"ன்னு லாக்ல எழுதி வச்சுட்டுத்தான் போகும். எதுவும் எழுதாம போச்சுன்னா சந்தேகம் கரண்ட் வர்ற வழிமேலதான்.

6. இன்வெர்ட்டர்லேருந்து எடுக்கிறவங்க, அதுக்குப் பின்னாடி யூ.பி.எஸ்., நார்மல்னு ஒரு சுவிட்சு இருக்கான்னு பாருங்க. நார்மல்ல இருந்தா லைன் போனப்புறம் மாற எடுத்துக்கிற நேரம் கூட. ஃபேனுக்கு அது தெரியாது, பொட்டிக்குத் தெரியும்.

7. இது அத்தனையும் சரியா இருந்தும் எந்திரிக்கலைன்னா போர்டே போயிருக்கலாம். 2017-ல இன்டெல்லோட ஆட்டம் சி2000 சிப்புல அப்படி ஒரு கோளாறு வெளிய வந்துச்சு. நல்லா ஓடிக்கிட்டு இருந்த பொட்டிகள் ஒரு நாள் அணைஞ்சா மறுபடி எந்திரிக்கவே இல்லை. அந்த சிப்பை வச்சுப் பல கம்பெனியோட நாஸ் பொட்டிகள் வந்திருக்கு.

ஒரு எச்சரிக்கை. 230 வோல்ட் பக்கம் கை வைக்காதீங்க. நான் சொன்ன அளவெல்லாம் 12 வோல்ட் பக்கம்தான். அடாப்டரையோ யூ.பி.எஸ்.ஸையோ பிரிச்சு மேய வேண்டாம். எர்த்து சரியில்லைன்னு சந்தேகம் வந்தா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

நான் சொல்ல வந்தது

புது அடாப்டர், புது பேட்டரி மாட்டியாச்சு. கதை முடிஞ்சிருக்கணும். ஆனா பேட்டரி மாத்துறப்ப யூ.பி.எஸ்.ஸோட பழைய அட்டைப்பொட்டியை எடுத்தேன். அடியில, பாலிதீன் கவர்கூடப் பிரிக்காம, ஒரு யூ.எஸ்.பி. கேபிள். இத்தனை வருஷமா அப்படியே கிடந்திருக்கு.

அந்தக் கேபிள் எதுக்குன்னு தெரியுமா? கரண்ட் போச்சுன்னு யூ.பி.எஸ்.ஸுக்குத் தெரியும். பொட்டிக்குத் தெரியாது. அதுபாட்டுக்குப் படம் எழுதிக்கிட்டே இருக்கும். பேட்டரி தீர்ந்ததும் பொத்துன்னு விழும். அந்தக் கேபிள் இருந்தாத்தான், "தம்பி, கரண்ட் போச்சு, கையில இருக்கிற வேலையை முடிச்சுட்டுப் படுத்துக்கோ"ன்னு யூ.பி.எஸ். சொல்ல முடியும். கேபிள் இல்லைன்னா பேட்டரி பண்றதெல்லாம் சாவை அரை மணி நேரம் தள்ளிப் போடுறதுதான்.

இதுதான் என் கருத்து, அடிக்க வர்றவங்க வரலாம்: நம்ம பக்கத்துல கரண்ட் போறது விபத்து இல்லை. வெயில், மழை மாதிரி அது ஒரு பருவம். மாசாமாசம் பராமரிப்புக்கு நிறுத்துவாங்க. ஐப்பசி கார்த்திகையில இடி விழும். கம்பியில மரம் சாயும். அது போகும்னு தெரிஞ்சே பொட்டி வாங்குறோம். அப்புறம் போச்சுன்னா கரண்ட்டைத் திட்டுறோம். இருபதாயிரம் ரூபாய்க்குப் பொட்டி வாங்கின நாம, கூடவே இலவசமா வந்த கேபிளைப் பிரிக்கலை. பேட்டரியை வருஷத்துக்கு ஒரு தடவை சோதிக்கலை. குத்தம் யார் பேர்ல?

"பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் சும்மாவா இருக்கான்"னு நினைக்காதீங்க. 2015 ஆகஸ்ட் 13-ல பெல்ஜியத்துல கூகிளோட டேட்டா சென்டர் பக்கம் மின்கம்பியில நாலு தடவை அடுத்தடுத்து இடி விழுந்துச்சு. அவங்ககிட்ட இல்லாத பேட்டரியா? இருந்தும், திரும்பத் திரும்ப வடிஞ்ச பேட்டரியில சில டிஸ்க்குகள் தடுமாறி, கடைசியா எழுதினதுல துளியூண்டு நிரந்தரமாப் போச்சுன்னு அவங்களே அறிக்கை விட்டாங்க. மொத்தத்துல 0.000001 சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனா அந்தத் துளி யாரோட துளியோ?

எங்க ஊர்லயும் அதே கதைதான். கரண்ட் ஒரு தடவை போயிட்டு ஒழுங்கா வராது. வரும், போகும், வரும், போகும்... அப்புறம்தான் நிக்கும். முதல் தடவையிலேயே பாதி வடிஞ்ச பேட்டரி, மறுபடி முழுசா ஏற மணிக்கணக்காகும். அதனால ரெண்டு செட்டிங் மாத்துங்க. ஒண்ணு, "பேட்டரி தீரும்வரை ஓடு"ங்கிறதை எடுத்துட்டு "கரண்ட் போய் அஞ்சு நிமிஷத்துல படு"ன்னு வைங்க. இன்னொண்ணு, "கரண்ட் வந்ததும் தானா எந்திரி"ங்கிறதை அணைச்சுடுங்க. நீங்க போய் பட்டனை அமுக்குற வரை அது தூங்கட்டும். (விலை குறைஞ்ச யூ.பி.எஸ். பலதுல இந்த யூ.எஸ்.பி. ஓட்டையே இருக்காது. வாங்குறப்பவே பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க.)

கடைசியா ஒண்ணு. ரெண்டு டிஸ்க்குல இருக்கு, அதனால பத்திரம்னு நினைச்சா அது மகா தப்பு. ரெண்டும் ஒரே பொட்டி, ஒரே அடாப்டர், ஒரே கூரை. 2018 நவம்பர் 16-ல கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறினப்ப, டெல்டா மாவட்டங்கள்லயும் புதுக்கோட்டையிலயும் லட்சத்துக்கு மேல மின்கம்பம் சாஞ்சுது. பல கிராமத்துல வாரக்கணக்கா கரண்ட் இல்லை. கூரையே போன வீட்டுல பொட்டி எங்க இருக்கும்? நாங்க அதே கடலோரத்துலதான் இருக்கோம். அதனால போன வாரமே மொத்தத்தையும் ஒரு வெளி டிஸ்க்குல காப்பி பண்ணி, லீவு முடிஞ்சு கிளம்பின தம்பி கையில குவைத்துக்குக் கொடுத்தனுப்பிட்டேன். "என்னண்ணே, ஊறுகாய், கருவாட்டோட இதையும் தூக்கணுமா?"ன்னான். "கருவாடு தீர்ந்தா இங்க வாங்கிக்கலாம்டா, அப்பா பேச்சை எங்க வாங்குவே?"ன்னேன். பேசாம பையில வச்சுக்கிட்டான்.

நேத்து சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு ரிமோட்டைக் கையில கொடுத்தேன். "வேண்டாம்டா, நீயே போடு"ன்னாங்க. "இல்லம்மா, நீங்கதான் தட்டணும்"னேன். தட்டினாங்க. டிஸ்க் ரெண்டும் உய்ய்ங்ங்னு எந்திரிச்சுது. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு பச்சை லைட்டையே பார்த்துக்கிட்டு நின்னேன். அணையலை. அப்பா பேச ஆரம்பிச்சார்.

ஏழாவது நிமிஷத்துல தெருவுல கரண்ட் போச்சு! டிவியும் ரூட்டரும் இன்வெர்ட்டர்ல ஓடுது. அஞ்சு நிமிஷ கெடுவுக்குள்ள அப்பா கதையை முடிச்சுட்டார். அப்புறம் பொட்டி "முறையாக அணைக்கப்படுகிறது"ன்னு ஒரு மெயில் அனுப்பிட்டு, சமத்தாப் படுத்துக்கிச்சு.

அம்மா கேட்டாங்க, "திரும்பக் கெட்டுப்போச்சாடா?"

"இல்லம்மா. தூங்குது."

டிஸ்கி 1: லைன்மேன் அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. டீ வாங்கிக் கொடுத்தேன், வடையும் சேர்த்து.

டிஸ்கி 2: இந்தப் பதிவைப் படிச்சு முடிச்ச கையோட, உங்க யூ.பி.எஸ். வந்த அட்டைப்பொட்டியைத் தேடுங்க. கவர் பிரிக்காத கேபிள் இருந்தா பின்னூட்டத்துல "இருக்கு"ன்னு ஒரு வார்த்தை போடுங்க. நான் மட்டும் தனி ஆள் இல்லைன்னு ஒரு ஆறுதல்தான்!